பாதி மருந்து போட்டால் பாதி உதையா?

டெக்சஸில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. .44 மேக்னம் ரிவால்வர் ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டார். கடைத் தோட்டாக்களில் ஒரு சிலிண்டர் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) சுட்டு முடிப்பதற்குள் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் உதையில் மணிக்கட்டு வலிக்கிறது, டப்பாவின் விலையும் கட்டுப்படியாகவில்லை. சுட்ட பித்தளை உறைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார், அவற்றில் வீட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் அடைக்க ஒரு பிரஸ்ஸும் (அழுத்தும் கருவி) டைகளும் (அச்சுகள்) வாங்கியாகிவிட்டது. 25 கஜத்தில் காகித இலக்கைச் சுடுவதைத் தவிர வேறு தேவை இல்லை. நண்பர் ஒருவர் எச்110 என்ற துப்பாக்கி மருந்து கொடுத்திருக்கிறார். "கையேட்டில் உள்ள அளவில் பாதியைப் போட்டு அடைத்தால் உதையும் பாதியாகிவிடும் அல்லவா?" என்கிறார்.

கேள்வி அளவைப் பற்றியது போலத் தெரிகிறது. உண்மையில் அவர் கேட்பது, பெரிய தோட்டாவைக் குறைத்தால் சிறிய தோட்டா கிடைக்குமா என்பதுதான். கிடைக்காது. அந்த மருந்தில் பாதி போட்டு ஒரு தோட்டாகூட அடைக்காதீர்கள். மென்மையான தோட்டாவை நிச்சயம் செய்யலாம், மிகத் துல்லியமாகவும் செய்யலாம். அதற்கு மருந்தையே மாற்ற வேண்டும். நான் 19 ஆண்டுகளாக ஒஹாயோவில் என் வீட்டு நிலவறையில் தோட்டா அடைத்து வருகிறேன், அதில் முக்கால்வாசி .44, .45 கேலிபர்களில் (குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்லும் எண்) இலக்குக்கான மென்தோட்டாக்கள்தான். தொழிலால் இயந்திரப் பொறியாளன். வெடிமருந்து வேதியியல் படித்தவன் அல்லன். எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் மருந்தின் குணம். நம் ஊரில் மருந்து என்றதும் சிவகாசிப் பட்டாசு நினைவுக்கு வரும். துப்பாக்கியின் புகையில்லா மருந்து அந்த இனம் அல்ல. ஒரு சிட்டிகையைத் திறந்த வெளியில் பற்றவைத்தால் மஞ்சள் சுடருடன் எரிந்து போகும், வெடிக்காது. அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற அதன் எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏற ஏற அழுத்தம் இன்னும் ஏறும். குண்டு நகர்ந்து இடம் விடுவதும் இந்த ஏற்றமும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும்படிதான் ஒவ்வொரு மருந்தின் வேகமும் அமைக்கப்படுகிறது. வேகமாக எரியும் மருந்து கொஞ்சம் போதும், அழுத்தம் சட்டென்று எழுந்து அடங்கிவிடும். மெதுவாக எரியும் மருந்து நிறைய வேண்டும், குண்டை நீண்ட நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். மேக்னம் வேகம் வருவது இரண்டாம் வகையால்.

எச்110 அந்த இரண்டாம் வகை. சிறு மணிகளாக இருக்கும், மேற்பூச்சு அதன் எரிதலைத் தொடக்கத்தில் அடக்கி வைக்கும். உறை ஏறக்குறைய நிறைந்திருக்க வேண்டும், கனமான குண்டு வேண்டும், உறையின் வாய் குண்டைச் சுற்றி இறுக்கமாக மடிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் சீராக எரியும். இதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே இந்த மருந்தையும் டபிள்யூ296 என்ற மருந்தையும் தாங்கள் வெளியிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. நீங்கள் 50 சதவீதம் குறைக்க நினைக்கிறீர்கள். பாதி நிறைந்த உறையில் பிரைமரின் (உறையின் அடியில் உள்ள தீமூட்டி) தீ எழும், மருந்து சரியாகப் பற்றாது, குண்டு குழலுக்குள் நுழைந்து நின்றுவிடும். குழல் அடைபட்டது தெரியாமல் அடுத்த முறை விசையை இழுத்தால் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்பர் கொடுத்த மருந்து அதன் சொந்த டப்பாவில், முத்திரை உடைக்காமல் வரவில்லையென்றால் எந்த அளவிலும் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இந்த உறை ஏன் இவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதில் புரியும். 1870-களின் .44 ரஷ்யன் தோட்டா உறையின் நீளம் 24.6 மில்லிமீட்டர். அதை நீட்டி 1907-இல் ஸ்மித் அண்ட் வெஸன் .44 ஸ்பெஷலைக் கொண்டுவந்தது, உறை 29.5 மில்லிமீட்டர். துப்பாக்கிகளைப் பற்றி எழுதிவந்த எல்மர் கீத் முதலானவர்கள் ஸ்பெஷல் உறையில் கனமான குண்டை ஏற்றி எல்லைவரை தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளைவாக 1950-களின் நடுவில் ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் .44 மேக்னத்தை வெளியிட்டன, உறை 32.6 மில்லிமீட்டர். கடைசியாகக் கூட்டிய அந்த மூன்று மில்லிமீட்டர் மருந்துக்காக அல்ல. பழைய ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் மேக்னம் தோட்டா நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. அழுத்த வரம்பைப் பாருங்கள்: ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. .45 கோல்ட்டின் கதையும் இதுபோலத்தான். 1873-இல் கரிமருந்து கொள்வதற்காகச் செய்த பெரிய உறை அது. கரிமருந்து அந்த உறையை நிறைத்தது. இன்றைய வேகமான மருந்தோ அடியில் கொஞ்சமாகக் கிடக்கிறது. அண்டாவில் ஆழாக்கு அரிசி வேகவைப்பது போல. மென்தோட்டாவின் துல்லியச் சிக்கலும் ஆபத்தும் இந்தக் காலி இடத்திலிருந்தே வருகின்றன.

ஆகவே மருந்து வேகமானதாக, சிறு அளவிலும் சீராக எரிவதாக இருக்க வேண்டும். புல்ஸ்ஐ 1898 முதல் இருக்கிறது, யூனிக் 1900 முதல். இரண்டும் இன்றும் இந்த வேலைக்கு நன்றாகப் பயன்படுகின்றன. டைட்குரூப் மருந்தை, உறைக்குள் எங்கே கிடந்தாலும் ஒரே மாதிரி பற்றும் என்று சொல்லியே விற்கிறார்கள். என் அனுபவத்திலும் அது பெரும்பாலும் சரி. டிரெயில் பாஸ் என்ற மருந்து இதற்கென்றே செய்யப்பட்டது. நடுவில் துளையுள்ள உப்பலான வில்லைகள், எடை குறைவு, இடம் அதிகம் பிடிக்கும். ஆனால் சில ஆண்டுகளாகக் கடைகளில் கிடைப்பது அரிது. எனவே அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் எடைபோடும் சிறிய அலகு) என்ற எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன். குண்டின் வடிவம், அது உறைக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்த பிரைமர் என்பவற்றைப் பொறுத்து அந்த எண் மாறும். இணையத்தில் எழுதிய எண்ணில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஒருவருடைய விரல் போய்விடும். மருந்து நிறுவனமும் லைமன், ஹார்னடி, ஸ்பியர் போன்றவர்களும் தற்போது வெளியிடும் கையேடுகளில் உங்கள் குண்டுக்கு உரிய வரியைத் தேடுங்கள், ‘தொடக்க அளவு’ என்பதில் தொடங்குங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம். மேலே எல்லை இருப்பதைப் போலவே மென்தோட்டாவுக்குக் கீழேயும் ஓர் எல்லை உண்டு.

இப்போது மிகப் பெரிய ஆபத்து. மெதுவான மருந்தை ஓர் உறையில் தவறி இரண்டு முறை கொட்டினால் வாய்க்கு மேல் வழிந்து மேசையில் சிந்தும், தவறு உடனே தெரிந்துவிடும். வேகமான மருந்தில் இரண்டு அளவு மட்டுமல்ல, சில சமயம் மூன்று அளவும் சத்தமில்லாமல் உள்ளே அடங்கிவிடும். மேலே குண்டை அழுத்திவிட்டால் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. வெடித்துப் பிளந்த சிலிண்டர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றின் பின்னணி இதுதான். நான் செய்வது இது: 50 குழிகள் உள்ள மரப்பலகையில் உறைகளை நிறுத்துவேன். மருந்து வாங்காத உறை தலைகீழாக நிற்கும், வாங்கிய உறை மட்டுமே நிமிர்ந்து நிற்கும். ஐம்பதும் முடிந்ததும் சிறிய டார்ச்சைப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்ப்பேன். ஒவ்வொரு கிணற்றின் அடியிலும் சாம்பல் நிறத் துகள்கள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேடாகத் தெரிந்தாலும், ஒன்று வெறும் பித்தளையாக மின்னினாலும், அதை எடுத்துக் கொட்டிவிட்டு மீண்டும் அளப்பேன். பார்த்து முடிக்கும்வரை ஒரு குண்டையும் தொடுவதில்லை. மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும்.

இந்தப் பழக்கம் எனக்குப் படித்து வந்ததல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன் மருந்து கொட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைத்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாக நினைத்தேன். அடுத்த ஞாயிறு சுடும் மைதானத்தில் நான்காவது தோட்டாவுக்கு ‘டம்’ என்ற ஓசைக்குப் பதில் ‘டப்’ என்று ஒரு சிறு ஒலி. உதையே இல்லை. குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருந்தேன். பிறகு சிலிண்டரைத் திறக்கப் பார்த்தால் அது அசையவில்லை. பிரைமரின் வீச்சு மட்டுமே குண்டைத் தள்ளியிருந்தது. பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாகக் குறுக்கே நின்று அது பூட்டுப் போட்டிருந்தது. பித்தளைக் கம்பியைக் குழலின் முனை வழியாக விட்டு மெதுவாகத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிய பிறகே திறந்தது. அந்த உறையில் மருந்தே இல்லை. குண்டு இன்னும் அரை அங்குலம் முன்னே போய் நின்றிருந்தால் சிலிண்டர் தாராளமாகச் சுழன்றிருக்கும், நானும் ஐந்தாவதைச் சுட்டிருப்பேன். அன்று வெற்று உறையாக வந்த அதே கவனக்குறைவு இன்னொரு நாள் இரட்டை அளவாக வந்திருக்கலாம். ஓசையோ உதையோ கொஞ்சம் மாறினாலும் நிறுத்திவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

குண்டு ஈயமாக இருக்கட்டும். செம்பு உறையிட்ட குண்டு குழலில் அதிகம் உராயும், குறைந்த அழுத்தத்தில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஈயத்திலும் ‘கடினமானதே சிறந்தது’ என்ற விளம்பரத்தை நம்பி ஏமாற வேண்டாம். தூய ஈயத்தின் பிரினெல் கடினம் (உலோகம் எவ்வளவு கடினம் என்பதை அளக்கும் எண்) சுமார் 5. கடைகளில் விற்கும் கடின வார்ப்புக் குண்டுகள் 15-க்கு மேல். குறைந்த அழுத்தத்தில் கடினமான குண்டின் அடிப்பகுதி விரிந்து குழலை அடைக்காது. சூடான வாயு ஓரமாகக் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். அதைச் சுரண்டி எடுக்க ஒரு மாலைப்பொழுது போகும். கடினத்தைவிட விட்டம் முக்கியம். .44-க்குக் குழலின் பள்ள விட்டம் (உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்களுக்கு இடையே அளப்பது) பொதுவாக .429 அங்குலம், ஈயக் குண்டு .430 அல்லது .431 இருப்பது நல்லது. சுடாத குண்டு ஒன்றை எடுத்துச் சிலிண்டரின் முன் துவாரத்தில் விரலால் தள்ளிப் பாருங்கள். லேசான பிடிப்போடு நழுவிப் போக வேண்டும். தொப்பென்று விழுந்தால் குண்டு சிறியது. விரலால் தள்ளவே முடியவில்லை என்றால் துவாரம் குறுகல். அங்கே நசுங்கிப் போகும் குண்டு குழலில் தளர்வாக ஓடும். வடிவத்தில், கீத் வகுத்த விளிம்புள்ள 240, 250 கிரெயின் குண்டு எனக்குப் பிடித்தது. அந்தக் கூர்விளிம்பு காகிதத்தில் பஞ்ச் அடித்தது போல வட்டத் துளை போடும், மதிப்பெண் பார்ப்பது எளிது. வாயை உள்நோக்கி நன்றாக மடித்து இறுக்குங்கள். மென்தோட்டாவுக்கு இறுக்கம் தேவையில்லை என்று நினைப்பது தவறு. அழுத்தம் கொஞ்சம் எழும்வரை குண்டைப் பிடித்து வைப்பது அந்த இறுக்கம்தான், மருந்து சீராக எரிவதும் அதனால்தான்.

உறையை மேக்னத்திலேயே வைத்துக்கொள்ளலாமா, ஸ்பெஷல் உறை வாங்கலாமா? இரண்டும் சரி. ஸ்பெஷல் உறையில் காலி இடம் குறைவு, மருந்து இன்னும் சீராக எரியும். ஆனால் அது குட்டையானது. சிலிண்டர் அறைக்குள் உறை முடியும் இடத்திலிருந்து கரி ஒரு வளையமாகப் படியும். சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகு மேக்னம் தோட்டா போட்டால் அது உள்ளே போக மறுக்கும், சுட்ட உறை வெளியே வரவும் மறுக்கும். நான் இந்தத் தொல்லை வேண்டாம் என்று மேக்னம் உறையிலேயே அடைக்கிறேன். ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: மேக்னத்துக்கு உரிய அளவை ஸ்பெஷல் உறையில் போட்டுவிட்டால் அழுத்தம் வரம்பு மீறும், அது ஒரு பழைய ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் போய்ச் சேர்ந்தால் விபத்துதான். இரண்டு வகை உறைகளையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி உறுதியில்லாதவை. மிகக் குறைந்த அளவு வேகமான மருந்து, பெரிய உறையில் பரவிக் கிடந்து ஒரேயடியாகப் பற்றி ‘வெடிப்பு’ நிகழ்கிறது என்று பலர் சொல்வார்கள். கைத்துப்பாக்கியில், சரியாக அளந்த ஒற்றை அளவைக் கொண்டு ஆய்வகத்தில் அதை நம்பகமாக நிகழ்த்திக் காட்டியதை நான் கண்டதில்லை. அப்படிச் சொல்லப்படும் விபத்துகளில் பெரும்பாலானவை இரட்டை அளவு அல்லது குழலில் சிக்கிய குண்டு என்றே நினைக்கிறேன். நான் சொல்வது தவறாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறாது. கையேட்டின் கீழ் எல்லைக்குள் இருங்கள், டார்ச்சைக் கையிலெடுங்கள். காலி இடத்தில் பஞ்சோ செயற்கை இழையோ அடைத்து மருந்தை அடியில் நிறுத்தும் பழக்கமும் உண்டு. சிலருக்கு அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அடைப்பு அழுத்தத்தை மாற்றும், கையேட்டு அளவுகள் அடைப்பில்லாமல் சோதிக்கப்பட்டவை. புதியவர் அதில் இறங்க வேண்டாம்.

மருந்து உறைக்குள் எங்கே கிடக்கிறது என்பதால் வேகம் மாறுவதை நீங்களே சோதிக்கலாம். வேகமானி ஒன்றை முன்னால் வைத்து, குழலை மேல்நோக்கிச் சாய்த்து மெதுவாகக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்து ஆறு தோட்டாக்கள். பிறகு கீழ்நோக்கிச் சாய்த்து உயர்த்தி ஆறு. பல மைதானங்களில் குழலை மேலே தூக்கவே அனுமதி இல்லை, எனவே பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சில மருந்துகளில் வித்தியாசம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து அடிதான். சிலவற்றில் நூறு அடிவரை பார்த்திருக்கிறேன்; அப்படிப்பட்ட மருந்தை நான் அந்த உறைக்குப் பயன்படுத்துவதில்லை. சுட்ட உறையின் வெளிப்புறம் ஒரு பக்கமாகக் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். அழுத்தம் குறைவாக இருப்பதால் உறை விரிந்து அறையை முழுதாக அடைக்கவில்லை, அவ்வளவுதான். துணியால் துடைத்தால் போகும்.

உதை எவ்வளவு குறையும்? 240 கிரெயின் குண்டு வினாடிக்கு 1,350 அடியில் போவதற்குப் பதில் 800 அடியில் போனால், குண்டின் உந்தம் ஏறக்குறைய 60 சதவீதமாகிறது. உதையின் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். மருந்தின் எடையும் குறைவதால் நடைமுறையில் இன்னும் மென்மை. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியில் அது தோளைத் தட்டுவது போல இருக்கும். மணிக்கட்டு வலியைவிட எனக்குக் கவலை தருவது வேறு: பலத்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் முன்பே கை தானாகத் துள்ளப் பழகிவிடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்க மாதக்கணக்காகும். அதனால் உங்கள் எண்ணம் மிகச் சரியானது, வழியை மட்டும் மாற்றுங்கள்.

அளக்கும் கருவியில் சிக்கனம் வேண்டாம். 20 கிரெயின் அளவில் 0.2 கிரெயின் பிசகினால் ஒரு சதவீதம். 5 கிரெயினில் அதே பிசகு நான்கு சதவீதம். தராசைத் தொடங்கும்போது சோதனை எடைக்கல் வைத்துப் பாருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பத்துக்கு ஒருமுறை அளவை எடைபோட்டுப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுட்ட பிரைமரின் கரியிலும் உறைகளைச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியிலும் ஈயம் இருக்கிறது. அடைக்கும் மேசையில் காபி குடிக்காதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுச் சட்டையையும் மாற்றுங்கள்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு அடைக்க மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்காக அடைத்தால் உரிமம் வேண்டும். மாநில, நகர விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் இந்திய நண்பர்களுக்கு: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கே இதை முயல வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நண்பரின் எச்110-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேகமான மருந்தில் ஒரு பவுண்டு, .430 அங்குல ஈயக் குண்டில் ஒரு பெட்டி, புதிய கையேடு ஒன்று, டார்ச், பித்தளைக் கம்பி. முதலில் பத்தே பத்துத் தோட்டாக்கள் அடையுங்கள், அடைத்த பிறகு ஒவ்வொன்றையும் சிலிண்டரில் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். மைதானத்தில் முதல் ஆறையும் ஒவ்வொன்றாக ஏற்றிச் சுடுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் காகிதத்தில் புதிய துளை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததை ஏற்றுங்கள். குண்டுகள் எங்கே விழுகின்றன, உறைகள் எப்படி வெளிவருகின்றன என்று எழுதினால் அடுத்த படியைச் சேர்ந்து பார்ப்போம்.